முப்பத்தோராம் நாள்: நாவல் சவால் எழுத்தாளரை உருவாக்குமா?

1999 ஜூலை மாதம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 21 பேர் ஒரு முடிவெடுத்தார்கள்: ஆளுக்கொரு நாவல், ஒரே மாதத்தில். அழைப்பு விடுத்தவர் கிறிஸ் பேட்டி என்ற 26 வயது இளைஞர். இலக்கியத்தைப் புரட்டிப்போடும் திட்டம் எதுவும் அவர்களுக்கு இல்லை. சரியாக வாசிக்கத் தெரியாத நண்பர்கள் கூடி இசைக்குழு தொடங்குவார்களே, அதைப் போன்ற உற்சாகத்தில்தான் இறங்கினோம் என்று பேட்டி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மாதக் கடைசியில் 6 பேர் இலக்கைத் தொட்டார்கள்.

மறு ஆண்டு இந்த முயற்சி நவம்பருக்கு மாறியது. குளிரும் மழையும் ஆட்களை வீட்டுக்குள் உட்கார வைக்கும் என்பதுதான் காரணம். அந்த ஆண்டு 140 பேர் சேர்ந்தார்கள். 2001இல் ஏறத்தாழ 5,000 பேர். 2010இல் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தொட்டது. ‘நேஷனல் நாவல் ரைட்டிங் மன்த்’ என்ற நீண்ட பெயர் சுருங்கி ‘நானோரைமோ’ என்று உலகெங்கும் வழங்கியது. 2025 மார்ச் 31 அன்று அதை நடத்திவந்த அமைப்பு தன் கதவை மூடுவதாக அறிவித்தது.

கால் நூற்றாண்டு நடந்த இந்த முயற்சியை இன்று முழுமையாகத் திரும்பிப் பார்க்க முடிகிறது. கெடு வைத்து எழுதுவதால் ஒருவர் எழுத்தாளர் ஆகிறாரா? ஆகிறார் என்றால், அந்த முப்பது நாளில் எந்த இடத்தில்? கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தபின் எனக்குத் தோன்றும் விடை இது: சவால் தருவது முழு வரைவு ஒன்றை. அந்த வரைவை என்ன செய்வது என்று ஒருவர் தீர்மானிக்கும் முப்பத்தோராம் நாளில்தான் எழுத்தாளர் பிறக்கிறார். ஆனால் முப்பது நாளைக் கடக்காதவருக்கு அந்த நாள் வருவதே இல்லை.

50,000 எங்கிருந்து வந்தது?

சவாலின் விதி எளிது. நவம்பர் 1 நள்ளிரவில் தொடங்கி 30ஆம் தேதி நள்ளிரவுக்குள் 50,000 சொற்கள். நாளொன்றுக்கு 1,667. 50,000 என்ற எண்ணுக்கு இலக்கணநூல் ஆதாரம் கிடையாது. பேட்டி தன் அலமாரியில் இருந்தவற்றில் சின்ன நாவலாகப் பார்த்து எடுத்து, தோராயமாகச் சொற்களைக் கணக்கிட்டார். அது ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’. உண்மையில் அந்த நாவல் 60,000 சொற்களைத் தாண்டும். கணக்குப் பிசகிப் பிறந்த எண்தான் பின்னர் லட்சக்கணக்கானோரின் இலக்காயிற்று.

வென்றவருக்குப் பணமுடிப்பு இல்லை. நடுவர் இல்லை. எழுதியதை யாரும் படிக்கப் போவதும் இல்லை. கடைசியில் சொற்களின் எண்ணிக்கை மட்டும் சரிபார்க்கப்படும். இலக்கைத் தொட்ட அனைவரும் வென்றவர்களே. ஏமாற்ற நினைத்தால் மிகச் சுலபம். ஏமாற்றி அடையத்தக்க பொருள் ஏதும் அங்கே இல்லை என்பதால், நாணயத்தை நம்பியே ஏற்பாடு முழுவதும் ஓடியது.

நகரந்தோறும் தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்கள் காபிக் கடையிலோ நூலகத்திலோ ஆட்களைக் கூட்டுவார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, யாரும் யாரோடும் பேசாமல், கால்மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுவார்கள். மணி அடித்ததும் அவரவர் எழுதிய சொற்களின் எண்ணிக்கையை உரக்கச் சொல்வார்கள். பிறகு அடுத்த கால்மணி. முதல் வாரம் உற்சாகம் இழுத்துச் செல்லும். இரண்டாம் வாரத்தில் கதை சலித்து, பாத்திரங்கள் பொம்மைகளாகத் தெரிந்து, விட்டுவிடலாமா என்ற எண்ணம் எழும் என்பது கிறிஸ் பேட்டியின் அனுபவம். அந்த வாரத்தைத் தாண்ட வைப்பதற்குத்தான் மேசையும் கூட்டமும்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நல்ல எழுத்தா, மோசமான எழுத்தா என்ற கேள்வி ஒரு மாதத்துக்கு வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. புதிதாக எழுத வருபவரை முடக்குவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். வாசித்து வாசித்து அவருடைய ரசனை வளர்ந்திருக்கும். கை இன்னும் வளர்ந்திருக்காது. தான் எழுதிய முதல் பத்தியைத் தன் ரசனையாலேயே அளந்து பார்ப்பார். குறை தெரியும். திருத்துவார். மறுபடியும் குறை தெரியும். முதல் அத்தியாயம் பத்து முறை மாறும். இரண்டாம் அத்தியாயம் பிறக்காது. எழுதுகிறவரும் திருத்துகிறவரும் ஒரே ஆள்தான். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் மேசையில் உட்கார்ந்தால் வேலை நடக்காது. சொற்கணக்கு என்ற முரட்டு அளவுகோல், திருத்துகிறவரை முப்பது நாள் வெளியூருக்கு அனுப்பி வைக்கிறது.

கெடுவின் கீழ் எழுதிய மூத்தவர்கள்

இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வித்தை என்று எண்ண வேண்டியதில்லை. 1865இல் கடன் நெருக்கிய நிலையில் தஸ்தாயெவ்ஸ்கி, ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் புதிய நாவல் ஒன்றைத் தர வேண்டும். தவறினால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதை எல்லாம் பணம் தராமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். ‘குற்றமும் தண்டனையும்’ ஒரு பக்கம் தொடராக வந்துகொண்டிருந்தது. அக்டோபர் பிறந்தபோது, தர வேண்டிய நாவலில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

அக்டோபர் 4 அன்று அன்னா கிரிகோரியெவ்னா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்தாளர் வீட்டுக்கு வந்தார். தஸ்தாயெவ்ஸ்கிக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. ஒரு பத்திரிகையை எடுத்து வேகமாகப் படித்து, அன்னா எழுதிக் காட்டியதில் விடுபட்ட ஒரு முற்றுப்புள்ளிக்காகக் கடிந்துகொண்டார். ஆனால் சில நாளில் ஒழுங்கு ஒன்று அமைந்துவிட்டது. இரவில் அவர் கதையை வகுப்பார், பகலில் சொல்வார், அன்னா வீட்டுக்குப் போய் இரவோடு இரவாகத் தெளிவாகப் பெயர்த்தெழுதி மறுநாள் கொண்டுவருவார். முடிந்த பக்கங்களின் எண்ணிக்கை கூடக்கூட அவர் முகம் தெளிந்ததை அன்னாவின் நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. நவம்பர் மாதத்து எழுத்தாளர் தன் சொற்கணக்கைப் பார்த்துத் தெம்படைவதும் இதே உணர்வுதான். அக்டோபர் 29 அன்று, 26 நாளில், ‘சூதாடி’ முடிந்தது. கைப்பிரதியைக் கொடுக்கப் போனால் பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியிருந்தது. நான்கு மாதத்தில் அன்னாவும் அவரும் மணந்துகொண்டார்கள். பெரும்படவம் ஸ்ரீதரனின் மலையாள நாவல் ‘ஒரு சங்கீர்த்தனம் போலெ’ இந்த நாட்களைத்தான் களமாகக் கொண்டது.

26 நாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை தவறாகப் புரியும். சூதாட்டத்தைப் பற்றி நாவல் எழுதும் எண்ணத்தை தஸ்தாயெவ்ஸ்கி 1863லேயே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியின் சூதாட்ட விடுதிகளில் தன் பணத்தை இழந்தவர் அவர். மூன்றாண்டு ஊறிய விதை, கெடு என்ற மழை விழுந்ததும் முளைத்தது.

கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ நாவலும் அப்படித்தான். 1987 கோடையில் நான்கு வாரம், திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 வரை எழுதினார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு. கடிதங்களைப் பார்ப்பதில்லை, தொலைபேசியை எடுப்பதில்லை. வீட்டு வேலைகளில் தன் பங்கையும் மனைவி ஏற்றுக்கொண்டார். நடை எப்படி இருக்கிறது என்று கவலைப்படாமல், முன்னுக்குப்பின் முரண்பட்டாலும் விட்டுவிட்டு எழுதினார். நாவலின் உடல் அந்த நான்கு வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே தேவையான நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்து முடித்திருந்தார். அதற்குப் பின்பும் எழுதிச் செப்பனிட நாள் பிடித்தது. நூல் 1989இல் வெளிவந்து புக்கர் பரிசு பெற்றது.

ஜாக் கெரோவாக் 1951 ஏப்ரலில் மூன்று வாரத்தில் ‘ஆன் த ரோட்’ நாவலைத் தட்டச்சு செய்த 120 அடி நீளக் காகிதச் சுருளைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அந்தச் சுருள் நூலாக 1957 வரை காத்திருந்ததைக் குறைவாகவே பேசுவார்கள்.

இவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவர் ஆந்தனி டிராலப். இங்கிலாந்தின் அஞ்சல் துறை அதிகாரி. விடியற்காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். காபியோடு வந்து எழுப்பும் வேலையாளுக்கு அதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதிவிட்டு, அப்புறம் அலுவலகம். இப்படியே 47 நாவல்கள். முப்பது நாள் புயலும், முப்பது ஆண்டுத் தூறலும் ஆகிய இரண்டு வழிக்கும் உலக இலக்கியத்தில் சான்று இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

தனிமனிதர் கதைகள் உற்சாகம் தரும், நிரூபணம் ஆகா. உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. எழுத முடியாமல் திணறிய 27 பேராசிரியர்களை அவர் மூன்று குழுவாகப் பிரித்தார். முதல் குழு அவசரம் வந்தாலொழிய எழுதக் கூடாது. இரண்டாம் குழு மனம் தோன்றியபோது எழுதலாம். மூன்றாம் குழு குறித்த நேரத்தில் கட்டாயம் எழுத வேண்டும்; தவறினால் தமக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குத் தம் பணத்தை அனுப்ப வேண்டும். விளைவு: எழுதாமல் காத்திருந்தவர்கள் நாளுக்குச் சராசரி 0.2 பக்கம், மனம்போல் எழுதியவர்கள் 0.9 பக்கம், கட்டாயத்தில் எழுதியவர்கள் 3.2 பக்கம்.

பக்கம் கூடியதில் வியப்பில்லை. பாய்ஸ் இன்னொன்றையும் கணக்கெடுத்தார்: புதிய யோசனை எத்தனை நாளுக்கு ஒருமுறை தோன்றியது? காத்திருந்த குழுவுக்கு 5 நாளுக்கு ஒன்று. மனம்போல் எழுதிய குழுவுக்கு 2 நாளுக்கு ஒன்று. கட்டாயக் குழுவுக்கு நாளுக்கு ஒன்று. உந்துதல் வந்தால் எழுதுவேன் என்று காத்திருப்பவர் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். எழுதுகிறவரைத் தேடித்தான் யோசனை வருகிறது.

கெடு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிழை திருத்தும் வேலைக்கு மூன்று வகைக் கெடு வைத்தார்கள். சமமாகப் பிரித்து வெளியிலிருந்து கெடு வைக்கப்பட்டவர்களே அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் அடுத்து. கடைசி நாள் ஒன்றே கெடு என்று விடப்பட்டவர்கள் பின்தங்கினார்கள். ‘ஒரு மாதத்தில் 50,000’ என்பது மலை. ‘இன்று 1,667’ என்பது படிக்கட்டு. சவாலின் பலம் இந்தப் படிக்கட்டில் இருக்கிறது.

ஆனால் ஒரு மாதம் போதுமா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரிடம் நடத்தி, 2010இல் அச்சான ஆய்வு, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற 18 முதல் 254 நாள் வரை ஆகிறது என்றது. நடுமதிப்பு 66 நாள். அவர்கள் ஆராய்ந்தது தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய செயல்களை. நாவல் எழுதுவது அதைவிடக் கடினம். ஆக, நவம்பர் 30 அன்று பேனாவை மூடி வைப்பவர், பழக்கம் வேர்பிடிக்கும் முன்பே செடியைப் பிடுங்கிவிடுகிறார்.

வரைவுக்கும் நூலுக்கும் நடுவே

நவம்பர் வரைவுகளிலிருந்து புகழ்பெற்ற நூல்கள் வந்திருக்கின்றன. சாரா க்ரூயனின் ‘வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்’ (2006), மரிஸ்ஸா மெயரின் ‘சிண்டர்’ (2012), ரெயின்போ ரோவலின் ‘ஃபேன்கேர்ள்’ (2013) ஆகியவை அடிக்கடி சொல்லப்படுபவை. இவற்றில் பாடம் அதிகம் உள்ளது எரின் மோர்கென்ஸ்டர்னின் ‘தி நைட் சர்க்கஸ்’ (2011) நாவல்.

மோர்கென்ஸ்டர்ன் நவம்பர் சவாலில் வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் கதை நகரவில்லை, சலிப்பு. அன்றைய சொற்கணக்கையாவது எட்ட வேண்டுமே என்று பாத்திரங்களை ஒரு சர்க்கஸுக்கு அனுப்பினார். போன இடம், புறப்பட்ட கதையைவிடச் சுவையாக இருந்தது. அதன்பின் அவர் எழுதியதெல்லாம் அந்தக் கூடாரங்களைப் பற்றித்தான். சவால் இல்லாதிருந்தால் சலித்த இடத்திலேயே அவர் நிறுத்தியிருப்பார், சர்க்கஸ் பிறந்திருக்காது. கட்டாயத்தின் கொடை இதைவிடத் துலக்கமாக வேறெங்கும் தெரியாது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்தடுத்த நவம்பர்களில் சேர்ந்த பக்கங்கள் கூடாரங்களின் வர்ணனைக் குவியலாக இருந்தன, கதைப்பின்னல் இல்லை. இன்று நாவலைத் தாங்கும் நாயகி செலியா அந்தத் தொடக்க வரைவுகளில் இல்லவே இல்லை. இலக்கிய முகவர்கள் மறுத்தார்கள். அவர் பிரித்துப் போட்டு, மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். சில மாத நவம்பர் எழுத்துக்குப் பின்னால் சில ஆண்டுத் திருத்தம். நூலை நூலாக்கியது அந்த ஆண்டுகள்.

ரோவலின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2011 நவம்பரில் எழுதத் தொடங்கியபோது அவர் ஏற்கெனவே நூல் வெளியிட்டவர். நாள் தவறாமல் எழுதியதால் கதையின் உலகை விட்டு வெளியேறாமலே இருக்க முடிந்தது என்றும், எழுதியதில் பெரும்பகுதி நூலில் தங்கியது என்றும் சொல்லியிருக்கிறார். கை பழகியவருக்கு நவம்பர் வேகத்தைத் தந்தது; பழகாதவருக்குக் கச்சாப்பொருளைத் தந்தது.

எதிர்ப்புக் குரலும் அதிலுள்ள நியாயமும்

2010 நவம்பரில் விமர்சகர் லாரா மில்லர் இந்த இயக்கத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். எழுதுவதற்கு ஆட்களுக்கா பஞ்சம், வாசகருக்குத்தான் பஞ்சம் என்பது அவர் வாதம். திருத்தப்படாத கைப்பிரதிகள் டிசம்பரில் முகவர்களின் மேசையில் வந்து குவிவதையும் சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது குற்றச்சாட்டில் முழு நியாயம் இருக்கிறது. வரைவை நூல் என்று நம்பிவிடுவது, அவித்த நெல்லைச் சோறு என்று பரிமாறுவதுபோல. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். முதல் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஒரு நாவலை முழுதாக எழுதிப் பார்த்தவர், அடுத்து எடுக்கும் நாவலை வேறு கண்ணால் வாசிப்பார். ஒரு பாத்திரத்தை அறைக்குள் கொண்டுவருவது எவ்வளவு கடினம், பத்தாண்டைக் கடக்க ஒரு வாக்கியம் போதுமா, உரையாடலை எங்கே நிறுத்துவது என்று தானே திண்டாடியிருப்பதால், தேர்ந்த கை அதைச் செய்யும்போது அவருக்குத் தெரியும். சங்கீதம் கற்றுப் பாடகராகாதவர் நல்ல ரசிகராகிறார். நாவலுக்கும் இது பொருந்தும்.

ஓர் அமைப்பின் முடிவு

2023 நவம்பரில், இளையவர்கள் கூடும் பகுதியில் அவர்களின் பாதுகாப்பைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற புகார்களால் நானோரைமோ அமைப்பு நம்பிக்கையை இழக்கத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு குறித்து அது ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. அந்தக் கருவிகளை ஒட்டுமொத்தமாக எதிர்ப்பது வசதியற்றவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரான பார்வை என்ற தொனி அதில் இருந்தது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள். டேனியல் ஹோசே ஓல்டர், மௌரீன் ஜான்சன் போன்றோர் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். பணநெருக்கடியும் சேர்ந்தது, அடுத்த மார்ச்சில் மூடல் அறிவிப்பு வந்தது.

நடுவர் இல்லாத, பரிசு இல்லாத, நாணயத்தை மட்டும் நம்பிய சவால் இது. அங்கே அளக்கப்பட்டது சொற்கள் என்றாலும், மதிக்கப்பட்டது அவற்றை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்ற உண்மை. 50,000 சொற்களை ஒரு கருவி சில நிமிடத்தில் கொட்டிவிடும். அப்படிக் கொட்டிய சொற்களால் எழுதியவருக்குள் எதுவும் நடப்பதில்லை. இரண்டாம் வாரச் சலிப்பு வராது. சலிப்பிலிருந்து பிறக்கும் சர்க்கஸும் வராது. தன் சவாலின் உயிர்நிலை எது என்பதில் அமைப்பே தடுமாறியபோது, அதை நம்பி வந்தவர்கள் விலகினார்கள். அமைப்பு போனாலும் நவம்பர் இருக்கிறது. நாட்காட்டிக்கு அலுவலகம் தேவையில்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு

கெடு வைத்து எழுதுவது நமக்குப் புதிதல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் கெடுவைச் சந்தித்தே எழுந்தது. போட்டிக் கெடுவும் உண்டு: ‘கல்கி’ இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்றதுதான் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று தொடங்கிய ‘வெண்முரசு’, நாளொரு அத்தியாயமாக நடந்து 2020 ஜூலையில் 26 நாவல்களோடு நிறைவுற்றது. தினமும் எழுதுவதன் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் வேறு மொழியில் தேட மாட்டேன்.

ஆயினும் தொடர்கதைக் கெடுவுக்கும் நாவல் சவாலுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. தொடரில் வெளியான அத்தியாயத்தைத் திரும்பப் பெற முடியாது. அது தேர்ந்த கைக்கு ஏற்ற கயிற்றுநடை. சவாலில் யாரும் பார்ப்பதில்லை. விழலாம், எழலாம், நூறு பக்கத்தைத் தூக்கிப் போடலாம். புதிதாக எழுத வருபவருக்கு வேண்டியது இந்த மறைவு. இன்று கைப்பேசியில் அத்தியாயத்தை எழுதி அன்றிரவே பதிவேற்றி, காலையில் எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பார்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அது வாசகரைத் தருகிறது. தவறு செய்யும் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது. பாராட்டுக் கிடைத்த அத்தியாயத்தைக் கிழித்தெறிய யாருக்கு மனம் வரும்?

இன்னொன்று, 50,000 என்ற எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: “ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களுக்காகக் காத்திருந்திருப்பாள்.” எண்ணினால் மூன்றே சொற்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்ல 13 சொற்கள் வேண்டும். அங்கே எழுவாய், துணைவினை, முன்னிடைச்சொல் எல்லாம் தனித்தனிச் சொல்லாக நிற்கும். இங்கே வேற்றுமை உருபும் காலமும் எண்ணும் பாலும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். எல்லா வாக்கியமும் இவ்வளவு இறுக்கமாக அமையாது என்றாலும், தமிழில் 50,000 சொல் என்பது ஆங்கிலத்தில் அதே எண்ணைவிடக் கனமான சுமை. போதாக்குறைக்கு, ‘வந்துகொண்டிருந்த’ என்று சேர்த்தெழுதினால் ஒரு சொல், ‘வந்து கொண்டு இருந்த’ என்று பிரித்தால் மூன்று. கணக்குக்காகப் பிரித்தெழுதத் தொடங்கினால் நடை கெடும். எனவே 30,000 முதல் 35,000 சொல் வரை இலக்கு வைப்பதோ, சொல்லை விட்டுவிட்டு நாளுக்கு இத்தனை பக்கம் அல்லது இத்தனை மணி நேரம் என்று வைப்பதோ தமிழுக்கு நியாயமான அளவு.

வாசகருக்கு

உங்களுக்குள் ஒரு நாவல் நெடுநாளாகக் கிடக்கிறது என்றால், மேலே கண்ட சான்றுகளிலிருந்து திரட்டிய வழி இது. நவம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். தொடங்குமுன் சில வாரம் கதையை ஊறவிடுங்கள். களத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நேரம், ஒரே இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றன்றைய அளவை முடியுங்கள். ஒருவரையாவது துணைக்குச் சேருங்கள்; எழுதியதைக் காட்ட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் சலிக்கும். அப்போது உங்கள் பாத்திரங்களை எங்காவது அனுப்புங்கள்.

முப்பதாம் நாள் முடிந்ததும் வரைவைக் கட்டி உள்ளே வையுங்கள். நான்கு வாரம் தொடாதீர்கள். ஆனால் எழுதும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். அந்த மணியில் வேறு எதையாவது எழுதுங்கள், பழக்கம் வேர்விட வேண்டும். பிறகு காகிதத்தில் அச்செடுத்து, பேனாவோடு, முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள். முக்கால்வாசி பக்கங்கள் உங்களை வெட்கப்பட வைக்கும். எங்கோ ஓர் இடத்தில், இதை நானா எழுதினேன் என்று கை நிற்கும். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி ஒன்றாம் அத்தியாயம் என்று எழுதத் தொடங்குங்கள். அப்போதிலிருந்து நீங்கள் எழுத்தாளர்.